வகுத்தவள் கடைசியில் எடுப்பாள்

1

1551ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் தேதி, மிக்கேல் திருநாளன்று, இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் கொல்வெஸ்டன் பண்ணை மூன்று சகோதரிகளுக்குப் பங்கு பிரிக்கப்பட்டது.

பண்ணையும் சகோதரிகளும் என் கற்பனை. ஆண்டு மட்டும் காரணத்தோடு தேர்ந்தது. அந்தக் கோடையில்தான் வியர்வைக் காய்ச்சல் வந்து, காலையில் நடமாடியவர்களை இருட்டுவதற்குள் கொண்டுபோனது. என் கதைக்கு ஒரு தகப்பன் சட்டென்று சாக வேண்டியிருந்தது.

கதை பிறந்தது ஒரு பழைய சட்ட நூலின் வரியில். மகன் இல்லாதவரின் நிலம் மகள்களுக்குச் சமமாகப் போகும். முதலில் எடுக்கும் உரிமை மூத்தவளுக்கு. ஆனால் மூத்தவளே பங்குகளை வகுத்தால், அவள் கடைசியில்தான் எடுக்க வேண்டும். படித்ததும் ஒரு கேள்வி வந்தது: தெரிந்தே எவள் அப்படி வகுக்க முன்வருவாள்?

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "மழை பெய்துகொண்டிருந்தது. தாமசின் ஜன்னலோரம் நின்று, தந்தையின் வயல்களை ஏக்கத்தோடு—"

[விட்டுவிட்டேன். திருநாள் அன்று வீடு நிறைய ஆட்கள். அவளுக்கு ஏங்க ஏது நேரம்?]

தாமசின் இளையவள், திருமணமாகாதவள். தாய் போனபிறகு பண்ணையை நடத்தியவள் அவள்தான். எந்த வயலில் எப்போது தண்ணீர் நிற்கும் என்பதும், எந்த வேலையாள் எப்போது பொய் சொல்வான் என்பதும் அவளுக்குத் தெரியும். பிரிவினை முடிந்தபின் எங்கே படுப்பது என்பதுதான் தெரியாது. அக்காள் வீட்டில் ஓர் அறை கிடைக்கும். அறை கிடைத்த தங்கைகளை அவள் பார்த்திருக்கிறாள். அக்காளின் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தே கண் மங்கியவர்கள்.

3

மூத்தவள் உர்சுலாவை முதலில் பேராசைக்காரியாக எழுதினேன். பொருந்தவில்லை. இப்ஸ்விச் நகரத்தில் துணி வியாபாரியைக் கட்டி வசதியாக வாழ்பவளுக்கு எதற்குப் பேராசை? அவள் வேறு ரகம். இன்னொருவர் ஒரு வேலையைத் தப்பாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியாது.

நடு மகள் சிசிலி, மேற்கே பக்கத்துப் பண்ணையில் வாழ்க்கைப்பட்டவள், ஒரு வாரம் முன்பே அவளிடம் சொல்லிப் பார்த்தாள்.

"நீ ஏன்க்கா மெனக்கெடற? வக்கீலே வகுக்கட்டும். நீ ராணி மாதிரி முதல்ல எடுத்துக்கிட்டுப் போயேன்."

"அவனா? போன தடவை வந்தப்ப குதிரையோட சேத்துல நின்னு கத்துனவன். அவனுக்கு நம்ம ஓடை எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரியுமா?"

"வகுத்தா கடைசியிலதான் எடுக்கணும், பாத்துக்க."

"தெரியும்டி. நான் வகுத்தா கடைசியில எது நிக்கும்னும் எனக்குத் தெரியும்."

அவளுக்கு வேண்டியது மாளிகை. பிறந்த வீட்டுக்கு எசமானியாகத் திரும்ப வேண்டும். அதனால் மாளிகைப் பங்கை யாரும் தொடாதபடி வகுத்தாள். முதல் பங்கு, மேற்கே ஆட்டு மேய்ச்சல் மேடு. இரண்டாவது, மாளிகையின் பின்சுவரிலிருந்து வடக்கே ஓடைவரை, நல்ல கோதுமை வயல்களும் அங்கே நிற்கும் கட்டடங்களும். மூன்றாவது, மாளிகையும் அதன் கூரைக்குக் கீழ் உள்ளவையும், தெற்கே சதுப்பும் முயல்காடும். அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் மூன்றையும் மதிப்பிட்டு, சமம்தான் என்றார்கள்.

மதிப்பில் சமம். மாளிகையில் கூரை உண்டு, சோறு போட வயல் இல்லை. வியாபாரியின் மனைவிக்கு அது கவலையில்லை. தாமசினுக்கு? சதுப்பை வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய வீட்டுக்கு விறகுகூட வாங்க முடியாது.*

* இங்கே ஒரு வழி இருந்தது. சதுப்பை வடித்து, தாமசினை ஐந்தே ஆண்டில் பணக்காரியாக்கியிருக்கலாம். இதே ஊர்ப்பக்கம் பல வருடம் குடியிருந்து, மார்ச் மாதச் சேற்றில் நடந்தவன் நான். அப்படி எழுதக் கை வரவில்லை.

4

பங்குகளை வாசித்து முடித்ததும் சாப்பாடு வந்தது. வேலைக்காரப் பெண்கள் முற்றத்து மழையில் ஓடிவந்து, மூடிய தட்டை மேசையில் வைத்தார்கள். திருநாள் வாத்து. உர்சுலா ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"ஆறிப்போச்சு. எங்க வீட்ல அடுப்புக்கும் மேசைக்கும் நாலடி. இங்க ஒரு வாத்து ஊர்வலம் வந்து சேர்றதுக்குள்ள குளிர்காலமே வந்துரும்."

"தீப்பிடிச்சா வீடு தப்பணும்னுதானேக்கா அப்பா தள்ளிக் கட்டினாரு," என்றாள் சிசிலி.

"அப்பா தள்ளிக் கட்டினாரு, நாம பச்சைத்தண்ணி வாத்து திங்கறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். தாமசினும் சிரித்தாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள்.

[இந்த இடத்தில் மூன்று நாள் நின்றேன். நகரத்து வீட்டில் பதினைந்து வருடம் வாழ்ந்தவளுக்கு வீடு என்றால் அதற்குள் சமையற்கட்டும் இருக்கும். உர்சுலா அதைத் தன் பங்கில் தனியாகக் குறிக்காமல் விட்டது ஒன்றும் அதிசயமில்லை. சமையற்கட்டு பின்சுவருக்கு வடக்கே, முற்றத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. கல் அடுப்பு, ரொட்டிச் சூளை, மேலே பரணில் இரண்டு படுக்கை. அந்த வீட்டிலேயே குளிர்காலத்தில் கதகதப்பாக இருக்கும் ஒரே இடம்.

தாமசின் இப்போது வாயைத் திறந்தால் அக்காள் ஒரு வரியைத் திருத்திவிடுவாள். அவளுக்கு மறுபடி ஓர் அறைதான் மிஞ்சும். ஒரு பிரதியில் அவளைப் பேசவைத்தேன். நல்லவளாக இருந்தாள். அடுத்த பக்கத்தில் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள்.]

5

மேசை துடைத்தார்கள். வக்கீல் சிசிலியைப் பார்த்தார்.

"மேய்ச்சல் மேடு எனக்கு," என்றாள் சிசிலி. "எங்க வேலிக்கு அந்தப் பக்கந்தானே. ஆடுங்க எப்படியும் தாண்டித்தான் போகும்."

அடுத்தது தாமசின்.

"யோசிச்சுச் சொல்லும்மா," என்றாள் உர்சுலா, அன்பாகவே. "வயலை எடுத்தா சாப்பாட்டுக்குக் குறைவில்ல. எம்பக்கத்துல மாடி அறை காலியாத்தான் இருக்கு."

"வடக்கு வயல்க்கா."

"நல்லது. புத்திசாலி."

சிசிலி கவலையோடு திரும்பினாள். "எங்கடி படுப்ப? களஞ்சியத்துல எலியோடயா?"

"சமையக்கட்டுப் பரண்ல."

உர்சுலா சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினாள். "அது வீட்டோட சேர்ந்ததுடி."

"பின்சுவத்துக்கு வடக்கே, அங்க நிக்கற கட்டடங்களும்னு நீதானேக்கா வகுத்த."

உர்சுலா வக்கீலைப் பார்த்தாள். வக்கீல் தாளைப் பார்த்தார். பிறகு, எழுதியிருப்பது அப்படித்தான் என்று சொன்னார்.

"நீ இதை எப்போ பார்த்த?" என்று கேட்டாள் உர்சுலா.

தாமசின் பதில்—

6

என்னிடம் இரண்டு பதில்கள் இருக்கின்றன. ஒன்றில், வாத்து ஆறிப்போச்சு என்று அக்காள் சொன்ன கணத்தில்தான் அவள் பார்த்தாள். மற்றதில், ஒரு வாரம் முன்பு, வகுத்துக்கொண்டிருந்த அக்காளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லையைப் பின்சுவரோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று சொன்னவளே அவள்தான். இரண்டையும் எழுதினேன். இரண்டிலும் அவள் குரல் ஒன்றுபோலவே இருந்தது. அதனால் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. வேண்டுமானால் நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். அவளைப் பற்றிய உங்கள் அபிப்பிராயம் மாறும், நிலம் மாறாது.

மூவரும், கணவர்கள் இருவரும் அன்று மாலையே கையெழுத்துப் போட்டார்கள். மாளிகை உர்சுலாவுக்குப் போனது. கிழக்குக் கூடத்தில் அடுப்புக் கட்ட அவள் செங்கல்லுக்குச் சொல்லியனுப்பினாள். மழையில் பாதை கெட்டுக்கிடந்ததால் செங்கல் பிப்ரவரியில்தான் வந்தது. அதுவரை மாளிகையின் சாப்பாடு தாமசினின் அடுப்பில் வெந்தது.