மரியாதை

"ஏலே பிச்சைக்கண்ணு, துண்ட இறுக்கிக் கெட்டுலே!" சொல்லிச் சொல்லியே மேஸ்திரி ஞானையாவுக்குத் தொண்டை கட்டிப்போனது. பாளையங்கோட்டைக்கு வெளியே இருந்த அந்தப் பருத்தி அரவை மில்லில் நீராவி என்ஜின் ஓடத் தொடங்கினால், தோல் வார்கள் தலைக்கு மேலேயும் இடுப்புக்குப் பக்கத்திலேயும் பேயாய்ச் சுற்றும். தை மாதம் ஒருத்தியின் சேலைத் தலைப்பை இழுத்துக் கையை முறித்த பிறகுதான் மில் முதலாளியான வெள்ளைக்காரத் துரைக்குக் கண் திறந்தது. தலையில் துண்டு கட்டாமல் எவனும் வார் பக்கம் போகக் கூடாது என்று தூத்துக்குடியிலிருந்து உத்தரவு அனுப்பினார். பிச்சைக்கண்ணுவுக்கோ இடுப்புவரை முடி. மூன்று பிள்ளைகளை மண்ணில் வைத்தவன், நாலாவதாவது தங்கட்டும் என்று திருச்செந்தூருக்கு நேர்ந்து வளர்த்தது. பெண் பிள்ளை தங்கிவிட்டது. அந்த நேர்த்தி முடியை வெட்டு என்று வேதக்காரரான, கிறிஸ்தவரான ஞானையா எந்த வாயால் சொல்வார்?

"வைகாசியில எறக்கிருவேன் அண்ணாச்சி. அதுவரைக்கும் துண்டு கெட்டிக்கிடுதேன்" என்றான். ஒரு நாள்கூடத் தவறவில்லை, பாவி.

உத்தரவு நடக்கிறதா என்று பார்க்கத் துரையே ஒரு நாள் வந்து நின்றார். ஞானையாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாருக்குப் பக்கத்தில் பிச்சைக்கண்ணு தலையில் துண்டோடு நிற்கிறான். பெரிய மனுஷர் முன்னால் தலைத்துண்டா! உத்தரவாவது ஒன்றாவது, எல்லாம் மறந்துபோனது. கண்ணை உருட்டித் தன் தலையைத் தொட்டுக் காட்டினார். அவன் பதறித் துண்டை உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து கும்பிட்டான். முடி அவிழ்ந்து வாரின்மேல் சரிந்தது.

என்ஜினை நிறுத்தியபோது உயிர் இல்லை.

துரை ஆபீஸ் அறையில் எழுதினார்: தலைத்துண்டு கட்டாமல் வேலை செய்தான், தன் தவறால் செத்தான். மேஸ்திரி சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். நான்தான் எடுக்கச் சொன்னேன் என்பது ஞானையாவின் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் நாளைக்கு வேலை இருக்காது. கர்த்தரே என்று கையெழுத்துப் போட்டார். ஐயோ, எழுத்துக்கூடக் கோணவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் பிச்சைக்கண்ணுவின் பெண்சாதி ஆவுடையம்மாள் பிள்ளையை இடுக்கிக்கொண்டு நின்றாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"தொர முன்னால அவுக மரியாதையாத்தான நின்னாக, அண்ணாச்சி?"

"மரியாதையாத்தான் நின்னான், தாயி."

"அப்பம் தொர எங்கள கைவிட மாட்டாக."

அவர் வாயைத் திறப்பதற்குள், அவள் ஆபீஸ் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி, பிள்ளையின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக் கும்பிட வைத்தாள்.