பழுதில்லாத குழல்

2009 ஏப்ரல் ஆறாம் தேதி, ஒஹாயோ மாநிலத்தின் ஈரி ஏரிக்கரை ஊர் ஒன்றில், துப்பாக்கி பழுதுபார்க்கும் க்ளைட் கிங்கெரி தன் பட்டறைக்குப் பின்னால் ஒரு பழைய கைத்துப்பாக்கியை இரும்புத் தாங்கியில் இறுக்கிப் பத்து முறை சுட்டார். ஐம்பது கஜத்துக்கு அப்பால் இருந்த அட்டையில் விழுந்த துளைகள் ஒரு கோழிமுட்டைக்குள் மறைந்துவிடும்.

புதுக் குழல் பொருத்துவதற்கு முன் பழையதைச் சுட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். தாங்கிக்குக் கையில்லை, மூச்சில்லை. அது சொல்வது துப்பாக்கியைப் பற்றி மட்டும்தான். இந்தக் குழல் தேயவில்லை என்று சொல்லிவிட்டது.

துப்பாக்கி லோவெல் ஸ்டாட்லருடையது. இருவரும் ஊர்த் துப்பாக்கிச் சுடும் சங்கத்தின் ஒரே அணியில் முடி நரைக்கும்வரை சுட்டவர்கள். பால் மாடுகளை விற்ற பிறகு லோவெல் பள்ளிப் பேருந்து ஓட்டிவந்தார். காலையில் துப்பாக்கியைக் கொண்டுவந்தபோது வழக்கம்போல வாசலிலிருந்தே ஆரம்பித்தார்.

"குழல் செத்துப்போச்சுடா. பத்தாம் வட்டத்துல விழுந்ததெல்லாம் இப்ப ஏழாம் வட்டத்துல அலையுது."

"அதை மாத்துறதுக்கு முன்னாடி நீ சாகாம இருந்தா சரி."

"நான் செத்தா நோரீன் இதை உன்கிட்டதான் தள்ளிவிடுவா. அதுக்காகவாவது ஒழுங்கா மாத்து."

சிரித்துக்கொண்டே காபிக் கோப்பையை எடுத்தார். இரண்டு கைகளாலும் எடுத்தார். அப்படியும் மேசையில் சிந்தியது. சட்டைக் கையால் துடைத்துவிட்டு வலது கையை மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டார். கிளம்பும்வரை அதை வெளியே எடுக்கவில்லை. க்ளைட் பார்த்தார். பார்த்ததை லோவெலும் பார்த்தார்.

மாலையில் லோவெல் தொலைபேசியில் கேட்டார்: "சுட்டுப் பாத்தியா?"

அட்டை க்ளைட்டின் முன்னால்தான் கிடந்தது. "குழல்தான். தேஞ்சுபோச்சு" என்றார்.

மறுமுனையில் லோவெல் நெடுமூச்சு விட்டது கேட்டது. "நான்தான் சொன்னேன்ல!"

புதுக் குழல் எப்போதும் கொஞ்சம் பருமனாகவே வரும். கறுப்பு மை பூசி, துப்பாக்கிக்குள் பொருத்தி, கழற்றி, மை உரசி அழிந்த இடத்தை மட்டும் அரத்தால் ராவ வேண்டும். மறுபடி மை, மறுபடி பொருத்தல். ஒரு இழுப்பு அதிகமானால் போனது போனதுதான். இரும்பைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. க்ளைட் அவசரப்படவே இல்லை. வேலை முடியாதவரை லோவெலிடம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பட்டறை சன்னலுக்கு எதிரே இருந்த திருப்பத்தில் காலையும் மாலையும் லோவெலின் மஞ்சள் பேருந்து வந்து நின்றது. குழந்தைகள் ஏறினார்கள், இறங்கினார்கள். அந்த நேரங்களில் அவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேருந்து திரும்பி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். ஒருமுறை பின்சக்கரம் நடைபாதை ஓரத்தில் ஏறி இறங்கியது. யார் ஓட்டினாலும் நடக்கக்கூடியதுதான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். அன்று அதற்குமேல் வேலை ஓடவில்லை.

அவர் கைப்பட்டுப் பொருந்திய குழல்களில் அதுதான் ஆகச் சிறந்தது.

வேலை முடிந்த வாரச் சனிக்கிழமை சங்கத்தின் மைதானத்தில் லோவெல் ஒற்றைக் கையை நீட்டிச் சுட்டார். தொலைநோக்கியில் அட்டையைப் பார்த்தார். மறுபடி சுட்டார். துளைகள் அட்டை முழுக்கச் சிதறிக் கிடந்தன. பக்கத்து மேசைகளில் பேச்சு நின்றது.

"என்னடா பண்ணி வச்சிருக்கே? அளவு மீறி ராவிட்டியா?"

க்ளைட் துப்பாக்கியைக் கையில் வாங்கினார். "இருக்கலாம். வச்சிட்டுப் போ, பாக்குறேன்."

"வயசாயிடுச்சு உனக்கு" என்றார் லோவெல், எல்லோருக்கும் கேட்க. சிலர் சிரித்தார்கள். தொழிலில் தன் பெயர் கெட்டால் கெடட்டும் என்று க்ளைட் அங்கே நின்றபோது நினைத்தார். அது நல்ல மனது போலத் தெரிந்தது. காரில் ஏறிய பிறகு அப்படித் தெரியவில்லை.

திங்களன்று நோரீன் பட்டறைக்கு வந்தாள். லோவெலின் மனைவி அங்கே வருவது அபூர்வம். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"இவரைக் காட்ட கொலம்பஸ்ல நரம்பு டாக்டர்கிட்ட நாள் வாங்கியிருந்தேன். இவரே ரத்து பண்ணிட்டார். கையில ஒண்ணுமில்ல, துப்பாக்கிதான் பழுது, க்ளைட்டே சொல்லிட்டான்னு. இப்ப என்னடான்னா நீங்க குழலைக் கெடுத்துட்டீங்களாம். என்கிட்ட மட்டும் சொல்லுங்க. துப்பாக்கிதானா?"

அவர் கைகளைத் துணியில் துடைத்தார். சுத்தமான கைகள்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் போய்விடுவாள், பேருந்தும் போய்க்கொண்டிருக்கும்.

"இல்ல. புதுசும் நல்லாத்தான் இருக்கு. பழசும் நல்லாத்தான் இருந்துச்சு."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"கழட்டுறதுக்கு முன்னாடியே."

"அன்னிக்கே சொல்லியிருந்தா இவ்வளவு நாள் அந்தப் பிள்ளைங்களை..." அவள் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். அவள் அதை அறைந்து சாத்தியிருக்கலாம் என்றிருந்தது அவருக்கு.

அந்த வார வியாழன் முதல் அந்தத் தடத்தில் வேறொருவர் பேருந்தை ஓட்டினார். லோவெல் க்ளைட்டிடம் பேசவில்லை. துப்பாக்கியை வாங்கிக்கொண்டுபோய் டொலீடோவில் இன்னொரு பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தார். அவர் குழலைக் கழற்றிப் பார்த்துவிட்டு, பொருத்தியதில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.