லாசர் குடுத்த பூசை

அன்னிக்குக் காலையிலயே ஞானசுந்தரிக்கு ரெண்டு ஊசி ஒடிஞ்சு போச்சு. பள்ளிக்கூட யூனிஃபார்ம், முப்பது பாவாடை, வெள்ளிக்கெழமைக்குள்ள தெச்சுக் குடுத்தாகணும். மூணாவது ஊசியை மாட்டிக்கிட்டு இருக்கறப்ப, கோயில் பாட்டுக்குழுவுல பாடற ஸ்டெஃபி ஜாக்கெட் துணியோட வந்து நின்னா.

"அக்கா, உங்க அப்பா பூசை இந்த வருசம் ஞாயித்துக்கெழமையே வருதாமே. உபதேசியார் சொன்னாரு. நாங்க ஒரு பாட்டு தனியாப் பாடலாம்னு இருக்கோம். அவருக்கு எது புடிக்கும்?"

"சாராயம் புடிக்கும். அதப்பத்திப் பாட்டு இருந்தாப் பாடுங்க."

"என்னக்கா நீங்க. வருசா வருசம் நீங்கதான குடுக்கறீங்க. உங்க பேரத்தான் படிக்கறாங்க."

"அளவு ஜாக்கெட்ட வெச்சுட்டுப் போ கண்ணு."

ஸ்டெஃபி போனதுக்கு அப்பறம் மிஷின்ல கால் ஓடல. ஆறு வருசமா இதே ரோதனை. ஜனவரி இருபத்திரண்டு வந்தாப் போதும், காலைப் பூசைக்கு முன்னாடி உபதேசியார் ஆண்டனி ராஜ் மைக்கப் புடிச்சு, "இறந்த லாசர் ஆன்ம இளைப்பாற்றிக்காக, மகள் ஞானசுந்தரி ஒப்புக்கொடுக்கும் திருப்பலி"ன்னு படிச்சுருவாரு. வார நாள்ல பூசைக்கு வர்றது பத்துப் பேரு. அந்தப் பத்துப் பேரும் கடை வழியாப் போறப்ப, "உனக்கு நல்ல மனசு சுந்தரி"ன்னு சொல்லிட்டுப் போவாங்க. யாரு குடுக்கறாங்கன்னு போய்க் கேட்டா, மறுபடி அப்பன் பேச்ச எடுக்கணும். அதுக்குப் பயந்துக்கிட்டே பல்லக் கடிச்சுட்டு இருந்தா. இப்ப ஞாயித்துக்கெழமை. ஊரே உக்காந்து கேக்கும்.

அவ குடுக்கல. குடுக்கவும் மாட்டா. அவ அம்மாவ மண்ணுல வெச்ச அன்னிக்கு அந்த மனுசன் குப்பனூர் ரோட்டுல, ஒரு கல்வெர்ட்டு மேல குடிச்சுட்டுக் கெடந்தாரு. பத்தாவது பரீட்சைக்கு ஒரு மாசம் இருக்கறப்ப பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சத்தம் போட்டு, அவளக் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்து எஸ்டேட்டுல காப்பிப் பழம் பறிக்க உட்டாரு. அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் இப்ப பாவாடை தெச்சுக்கிட்டு இருக்கறா. அம்மா குழி மேல மண்ணப் போடறப்பவே முடிவு பண்ணுனா: இந்த ஆளுக்காக என் வாயில இருந்து ஒரு ஜெபம் வராது. அவரு கடைசில குடிய உட்டுட்டாரு, மனந்திரும்பிட்டாருன்னு எல்லாரும் சொன்னாங்க. ஒரு நா ஊட்டு வாசல்ல வந்துகூட நின்னாரு. அவ கதவத் தொறக்கல.

கடைய அப்படியே போட்டுட்டுக் கோயிலுக்கு நடந்தா. ஆண்டனி ராஜ் பீடத் துணிய மடிச்சுக்கிட்டு இருந்தாரு.

"ஏனுங்க உபதேசியாரே, எங்கப்பனுக்கு நான் எப்பங்க பூசை குடுத்தேன்?"

"வாங்கக்கா. இந்த வருசப் பூசைக்குப் போன வாரமே காசு வந்துருச்சுங்களே." அவரு நோட்ட எடுத்துக் காட்டுனாரு. ஞாயித்துக்கெழமை தேதிக்கு நேரா ரெண்டு கட்டம். ஒண்ணுல 'யாருக்காக', இன்னொண்ணுல 'ஒப்புக்கொடுப்பவர்'. லாசர், ஞானசுந்தரி. அழகான கையெழுத்து.

"யாரு வந்தாங்க?"

"நீங்க அனுப்பற அம்மாதானுங்க. வெள்ளக்கடையில இருந்து பஸ்ஸுல வருவாங்களே. பாப்பாத்தின்னு பேரு. வர்றப்பெல்லாம் கோயிலுக்குன்னு ஒரு பொட்டலம் மொளகு வேற குடுப்பாங்க."

"எனக்கு எந்தப் பாப்பாத்தியவும் தெரியாது. எம்பேர அடிச்சுருங்க."

"ஒருத்தர் குடுத்தத எப்புடிங்கக்கா நானா அடிக்கறது? அவங்க வந்து சொல்லட்டும், அடிச்சுடறேன். சாமியாருக்கு நான் பதில் சொல்லணுமில்ல."

"எம்பேர எழுதறதுக்கு எங்கிட்டக் கேக்கல. அடிக்கறதுக்கு மட்டும் அவங்களக் கேக்கணுமாக்கும்?"

ஆண்டனி ராஜ் மடிச்ச துணியையே மறுபடி பிரிச்சு மடிச்சாரு.

வியாழக்கெழமை பாவாடையப் பாதியில உட்டுட்டு வெள்ளக்கடை பஸ் ஏறுனா. பஸ்ஸு வளைவுக்கு வளைவு நின்னு ஆள் ஏத்துச்சு. ஒரு அம்மா பலாப்பழத்தோட ஏறி, அத இவ காலு மேலயே வெச்சாங்க. எறங்கி விசாரிச்சா, காப்பிக் களத்த ஒட்டி மூணாவது ஊடுன்னாங்க. பாப்பாத்திக்கு அறுபது வயசு இருக்கும். நெத்தி நெறையத் திருநீறு. களத்துல காப்பிக்கொட்டையக் காலால கிண்டி உட்டுக்கிட்டு இருந்தாங்க. நிமிந்து பாத்தாங்க.

"லாசரு மகதான நீ? அதே மூக்கு. அதே கோவம். உக்காரு கண்ணு."

"உக்கார வரலைங்க. எம்பேருல பூசை குடுக்கறதுக்கு நீங்க யாருங்க?"

"ஏன், படிக்கலையா? ரெண்டு பேரயும் படிச்சாங்களே. நானுந்தான் பின்னால உக்காந்து கேப்பேன். அப்பன் பேரு வந்துச்சு, புள்ள பேரு வந்துச்சு. நேந்தது முடிஞ்சுதுன்னு பஸ் ஏறிருவேன்."

"அந்தாளுக்காக நான் வேண்டிக்கிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லுதுங்க. நான் வேண்டல. இந்த ஜென்மத்துல வேண்ட மாட்டேன்."

பாப்பாத்தி கிண்டறத நிறுத்திட்டாங்க. "அவருக்கு யாரு வேண்டச் சொன்னா?"

ஞானசுந்தரிக்குப் புரியல.

"உக்காருன்னு சொன்னேன். நின்னுக்கிட்டே கேட்டா கோவந்தான் வரும்." அவங்க ஒரு சாக்க உதறிப் போட்டாங்க. "உங்கப்பா இங்கதான் வாட்ச்மேனா இருந்தாரு, ஏழு வருசம். எம் ஊட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சு. வாரத்துல ரெண்டு நாளு சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். மூணு வருசம் அந்த மனுசன்தான் கூட்டிட்டுப் போனாரு. பஸ்ஸுல இவரு வாந்தி எடுத்தா, தன் துண்டுல புடிப்பாரு."

"எங்கம்மாவுக்கு ஒரு காய்ச்சல் மாத்திர வாங்கிக் குடுத்ததில்லீங்க அவரு."

"தெரியும். அதயும் அவரேதான் சொன்னாரு. ஒரு நாளா ரெண்டு நாளா. சோத்தத் தின்னுக்கிட்டே சொல்லுவாரு, எங்க ஆட்டுக்குட்டிக்குச் சீக்குன்னா அதுக்கு ஜெபம் பண்ணிக்கிட்டே சொல்லுவாரு. நொம்பத் தொல்லை. 'யோவ், அத எங்கிட்டச் சொல்லி என்னய்யா பண்றது, உன் மககிட்டப் போய்ச் சொல்லு'ன்னேன். போனாரு. நீ கதவத் தொறக்கலீன்னு திரும்பி வந்துட்டாரு. உம்மேல குத்தம் சொல்லல. 'நானா இருந்தாலும் தொறந்துருக்க மாட்டேன்'னாரு."

ஞானசுந்தரி சாக்கு நுனியில நூலப் பிரிச்சுக்கிட்டு இருந்தா.

"சாகறதுக்கு நாலு நாளைக்கு முன்னால கேட்டாரு. 'பாப்பாத்தி, நான் செத்த நாளுல வருசா வருசம் எங்க கோயில்ல எம் புள்ளைக்கு ஒரு பூசை குடுத்துரு. எனக்கு வேண்டாம். சிலுவையில தொங்குன திருடனக் கடைசி நேரத்துல சேத்துக்கிட்டவரு, என்னையும் எப்படியோ சேத்துக்குவாரு. அவளுக்குத்தான் யாருமில்ல. நான் அவகிட்ட எடுத்ததத் திருப்பிக் குடுக்க எங்கிட்ட வேற ஒண்ணுமில்ல'ன்னாரு. எனக்கு உங்க கோயில் மொற தெரியாது. நம்ம மாரியாத்தாளுக்கு அர்ச்சனை சொல்றாப்பல உம்பேரச் சொன்னேன். அந்த உபதேசியாரு, 'என்ன நாளுங்கம்மா'ன்னாரு. லாசரு செத்த நாளுன்னேன். சரசரன்னு எழுதிக்கிட்டாரு. யாருக்கு யாரு குடுக்கறதுன்னு மாத்தி எழுதுனாரோ என்னவோ, எனக்கெங்க படிக்கத் தெரியும்?"

பாப்பாத்தி உள்ள போய்க் காப்பி கொண்டு வந்தாங்க. ஞானசுந்தரி குடிச்சா. சக்கரை இல்லாத காப்பி. அப்பன் அப்படித்தான் குடிப்பாரு. அதுவும் இப்பப் போய் ஞாபகம் வரணுமான்னு அவ மேலயே எரிச்சலா வந்துச்சு. அவரு நல்லவராவே இருந்துட்டுப் போகட்டும். யாரு வேண்டாம்னா? அந்த நல்லதுல ஒரு நாள, ஒரே ஒரு நாள, அம்மா உசுரோட இருக்கறப்பக் குடுத்திருக்கக் கூடாதா? ஊரான் வாந்திய ஏந்தறதுக்குக் கெடைச்ச கை அன்னிக்கு எங்க போச்சு?

"நான் மன்னிக்கலீங்க"ன்னா.

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற?" பாப்பாத்தி டம்ளர வாங்கிக்கிட்டாங்க. "அவரு உங்கிட்ட அதக் கேக்கவே இல்லியே."

திரும்பி வர்ற பஸ்ஸுல சீட்டுக் கெடைக்கல. நின்னுக்கிட்டே வந்தா.

சனிக்கெழமை சாயங்காலம் ஆண்டனி ராஜ் அவளப் பாத்த ஒடனே நோட்டையும் சிவப்புப் பேனாவையும் எடுத்து வெச்சாரு.

"அந்தம்மா ஒத்துக்கிட்டாங்களாக்கா? அடிச்சுரட்டுங்களா?"

"அடிங்க. அடிச்சுட்டு, ஒழுங்கா எழுதுங்க. யாருக்காகங்கற கட்டத்துல எம்பேரு. ஒப்புக்கொடுப்பவர்ங்கற கட்டத்துல லாசர்."

அவரு பேனாவக் கீழ வெச்சாரு. "அக்கா, செத்தவங்க பூசை குடுக்க முடியாதுங்க."

"ஆறு வருசமா, குடுக்காதவ குடுத்ததா எழுதுனீங்களே. அது முடியுமா?"

"அது தெரியாம நடந்த தப்புங்க."

"இது தெரிஞ்சு எழுதுங்க. உசுரோட இருக்கறப்பவே சொல்லி வெச்சுட்டுப் போயிருக்காரு. கொண்டு வந்து சேத்தது அந்தம்மா. வேணும்னா அவங்க பேரயும் போடுங்க."

"சாமியார் கேப்பாருங்களே?"

"எங்கிட்ட அனுப்புங்க. அவரு அங்கி ரெண்டு, ஓரம் அடிக்கறதுக்கு எங்கிட்டத்தான் கெடக்குது."

ஆண்டனி ராஜ் தலையச் சொறிஞ்சாரு. அப்பறம் அடிச்சாரு. எழுதுனாரு. அவ குனிஞ்சு ஒவ்வொரு எழுத்தாப் பாத்தா.

ஞாயித்துக்கெழமை கோயில் நெறஞ்சிருந்துச்சு. கடைசி பெஞ்சுல பாப்பாத்தி திருநீத்தோட உக்காந்திருந்தாங்க. ஞானசுந்தரி வழக்கமா உக்கார்ற முன் வரிசைய உட்டுட்டு வந்து அவங்க பக்கத்துல உக்காந்தா. ஆண்டனி ராஜ் மைக்குல தொண்டையச் செருமுனாரு.

"ஞானசுந்தரிக்காக… மறைந்த லாசர்… பாப்பாத்தி வழியாக ஒப்புக்கொடுக்கும் திருப்பலி."

பாட்டுக்குழுவுல ஸ்டெஃபி பாட்டுப் பொஸ்தகத்துல இருந்து தலையத் தூக்கி, இவளத் தேடுனா. முன்னால ரெண்டு மூணு பேரு திரும்பிப் பாத்தாங்க.

"இப்பச் சரியாப் படிச்சாங்களா?"ன்னு பாப்பாத்தி காதுல கேட்டாங்க.

"ம்."

பூசை நடுவுல மணி அடிச்சப்ப எல்லாரும் முழங்கால் போட்டாங்க. பாப்பாத்தி என்ன பண்றதுன்னு தெரியாம நின்னாங்க. ஞானசுந்தரி அவங்க கையப் புடிச்சு உக்கார வெச்சுட்டுத் தானும் முழங்கால் போட்டா. அப்பனுக்காக ஒரு வார்த்தையும் அவ வாயில வரல. அவரு குடுத்தத மட்டும் வேண்டாம்னு சொல்லாம, தலையக் குனிஞ்சு அப்படியே இருந்தா.