இலைப் படம் போட்ட டப்பா

“உனக்குத்தான் படிக்கத் தெரியுமே, இதுல கையைப் பத்தி ஏதாவது போட்டிருக்கா?” என்று பெரியம்மா என்னிடம் கேட்டாள்.

அவள் நீட்டியது ஒரு தகர டப்பா. மேலே பச்சை நிறத்தில் ஓர் இலைப் படம் ஒட்டியிருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூடியைப் பார்த்தேன், அடியில்கூடப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட இல்லை.

“ஒண்ணும் போடல பெரியம்மா.”

“அப்போ ஒண்ணும் பண்ணாது” என்று சொல்லி டப்பாவை வாங்கிப் பாத்திரம் தேய்க்கிற தொட்டியின் ஓரத்தில் வைத்துக்கொண்டாள்.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் பெரியம்மா. ஒன்பதாம் வகுப்போடு நான் நின்றுவிட்டேன். எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் மத்தியில் மேலும் ஒரு வருடம் உட்கார முடியவில்லை. தான் வேலை பார்த்த விடுதியின் சமையலறைக்கே பெரியம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அவள் தேய்ப்பாள். நான் துடைத்து அடுக்குவேன்.

டம்ளரும் கோப்பையும் தட்டும் பாத்திரம் கழுவுகிற மெஷினுக்குப் போகும். அண்டா, வறுக்கிற சட்டி, எண்ணெய் ஊறிய பெரிய ட்ரே எல்லாம் தொட்டிக்கு வரும். அந்த மெஷினுக்குப் பெரியம்மா வைத்த பெயர் மாப்பிள்ளை. “எல்லாத்தையும் வழிச்சு, அலசி, வரிசையா அடுக்கிக் கொடுத்தாத்தான் வாய்க்குள்ள வாங்குவாரு. அதுக்கப்புறமும் உறுமிக்கிட்டேதான் இருப்பாரு” என்பாள். சமையல் மாஸ்டரே இதைக் கேட்டு ஒரு தடவை சிரித்திருக்கிறார். அவர் சிரிப்பது அபூர்வம்.

முன்பெல்லாம் சமையலறைக்கு வந்தது மூட்டையில் அடைத்த மலிவுச் சோப்புத் தூள். அது பெரியம்மாவின் விரல் கணுக்களில் வெடிப்பு வெடிப்பாகப் போட்டிருந்தது. மருத்துவமனையில் காட்டியபோது, சோப்பை மாற்று, இல்லாவிட்டால் வேலையை மாற்று என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வேலையை மாற்ற அவளுக்கு வேறு வேலை தெரியாது. சோப்பை மாற்றுகிற அதிகாரமும் அவளுக்கு இல்லை.

அதனால், விடுதிக்காரம்மா இனிமேல் எல்லாம் இயற்கைச் சோப்புதான் என்று முடிவுசெய்த அன்றைக்குப் பெரியம்மா உள்ளுக்குள் பூரித்துப்போனாள். விடுதிக்காரம்மா அதைச் செய்தது தங்க வருகிறவர்களுக்காக. ஆறு கெடக் கூடாது, மீன் சாகக் கூடாது என்று நினைக்கிறவர்கள் அவர்கள். சாப்பாட்டு மேசையில் மாதிரிப் பாட்டில்களைப் பரப்பி வைத்து அரை நாள் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தாள். எலுமிச்சையை மோந்து பார்த்தாள், புதினாவை மோந்து பார்த்தாள். எங்களையும் மோந்து பார்க்கச் சொன்னாள். பெரியம்மா எலுமிச்சை என்றாள். விடுதிக்காரம்மா புதினாவை எடுத்தாள்.

அதை வாங்கினது பாக்கெட்டே இல்லாத ஒரு கடையில். நாம் கொண்டுபோகிற பாத்திரத்தில் நிரப்பிக் கொடுப்பார்கள். கையால் தேய்க்கிற திரவத்துக்குக் கண்ணாடி ஜாடி, மெஷின் தூளுக்குத் தகர டப்பா. விடுதிக்காரம்மாவே உட்கார்ந்து எல்லாவற்றிலும் இலைப் படத்தை ஒட்டினாள். எங்களுக்கென்று அப்போதுதான் வந்திருந்த, இன்னும் பிரிக்காத நீலக் கையுறைகளை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டாள். மண்ணில் போட்டால் நூறு வருடம் மக்காதாம். குழந்தை வாயில் வைத்தாலும் ஒன்றும் ஆகாத சோப்புக்குக் கையுறை எதற்கு என்றாள்.

அந்தத் திரவம் நல்லதுதான். சீக்கிரமே பெரியம்மாவின் வெடிப்புகள் மூடிக்கொண்டன. பேருந்தில் என் முகத்துக்கு நேரே கையை விரித்துக் காட்டி, “பாருடி, கல்யாணப் பொண்ணு கை” என்றாள்.

ஆனால் அதில் நுரை வரவில்லை. மூன்று தலைமுறையாகப் பாத்திரம் தேய்க்கிற குடும்பம் நாங்கள். நுரை வராத சோப்பு எங்களுக்குச் சோப்பு இல்லை. பெரியம்மா கூடுதலாக ஊற்றினாள், அழுத்தித் தேய்த்தாள். தண்ணீர் ஆறிவிட்டால் ட்ரேயில் எண்ணெய் பிசுபிசுவென்று அப்படியே நின்றது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வைக்க அடுப்பு காலியாக இருப்பதில்லை. மாஸ்டர் ஒரு ட்ரேயை எங்கள் பக்கம் தள்ளிவிட்டார்.

“கழுவினியா, தடவிக் கொடுத்தியா?”

பெரியம்மா எடுத்து மறுபடி தேய்த்தாள். அடுத்த நாளும் ட்ரே திரும்பி வந்தது. அவளுக்குக் கையில் பலம் போய்விட்டது, வேறு ஆள் பார்க்கச் சொல்கிறேன் என்று மாஸ்டர் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். அன்றைக்குத்தான் அவள் மெஷினைத் திறந்து, உள்ளே பளபளத்த டம்ளர்களை வெகுநேரம் பார்த்தாள். பிறகு தகர டப்பாவை எடுத்து என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

தொட்டித் தண்ணீரில் ஒரு பிடி தூளைப் போட்டாள். நுரை அதிலும் வரவில்லை. ஆனால் எண்ணெய் தானாகக் கழன்று மிதந்தது. ட்ரேயில் முகம் தெரிந்தது. மாஸ்டர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு அடுக்கில் வைத்துக்கொண்டார். விடுதிக்காரம்மா விரலால் தடவிப் பார்த்து, “பாத்தீங்களா, இதுதான் இயற்கையோட சக்தி” என்றாள்.

முதலில் பெரியம்மாவின் கை வழுக்கியது. எண்ணெய் தடவின மாதிரி வழவழன்னு இருக்கு என்று அவளே ஆச்சரியப்பட்டாள். அப்புறம் சிவந்தது. தோல் வெள்ளையாக ஊறி உரிந்தது. பழைய கெட்டது எல்லாம் வெளியே வருகிறது, இயற்கை வைத்தியம் முதலில் அப்படித்தான் இருக்கும் என்று யாரோ பேருந்தில் சொன்னதை அவள் நம்பினாள். நகத்தைச் சுற்றிக் குழி விழுந்தது. ரவிக்கைக்கு நான்தான் கொக்கி மாட்டிவிட்டேன். சாப்பாட்டை நான்தான் ஊட்டினேன். “சின்ன வயசுல நான் உனக்கு ஊட்டினதுக்கு வட்டியோட திருப்பித் தர்றே” என்று சொல்லிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

தூள் தீர்ந்தபோது விடுதிக்காரம்மா என்னைக் கடைக்கு அனுப்பினாள். அங்கே வரிசையாகப் பெரிய டிரம்கள். கடைப் பெண் ஒரு டிரம்மைத் திறக்கும் முன் முழங்கைவரை தடித்த கையுறை மாட்டிக்கொண்டாள். டிரம்மின் பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் இருந்தது: மெஷினுக்கு மட்டும். வெறுங்கையால் தொடாதீர்கள். தோலை அரிக்கும். பக்கத்தில் ஒரு கையின் படம். கையில் ஓட்டை.

நான் அங்கேயே நின்றேன். கடைப் பெண் என் முகத்தைப் பார்த்து, “பயப்படாதீங்க, இதுவும் இயற்கைதான். தேளும் இயற்கைதானே” என்று சிரித்தாள்.

திரும்பி வந்து பெரியம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். மடியில் கிடந்த தன் கைகளை யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

“யார்கிட்டயும் சொல்லாதே” என்றாள் கடைசியில். “தூள் போடலைன்னா ட்ரே திரும்பி வரும். போடறேன்னு தெரிஞ்சா ஏன் போட்டேன்னு என்னைத்தான் கேப்பாங்க. கை ஆறிடும்டி. இந்தத் தொட்டி போச்சுன்னா என்னை எவ சேத்துப்பா?”

அன்றிலிருந்து ரொட்டி வருகிற பிளாஸ்டிக் உறைகளைக் கையில் மாட்டி, மணிக்கட்டில் நூலால் கட்டிக்கொண்டு தேய்த்தாள். யாராவது வந்தால் பல்லால் நூலை இழுத்துக் கழற்றி எறிந்துவிடுவாள். உறை கிழிந்து தண்ணீர் உள்ளே போய்த் தேங்கியது. அது வெறுங்கையைவிட மோசம்.

ஒரு மத்தியானம் விடுதிக்காரம்மா, தங்க வந்த ஒரு கணவன் மனைவியைச் சமையலறை பார்க்கக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஜாடியைக் காட்டினாள், டப்பாவைக் காட்டினாள், சாக்கடைக்குப் போகிற தண்ணீரை இனிச் செடிக்கே பாய்ச்சலாம் என்றாள். ஒரு ட்ரேயை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தாள். அந்த மனைவி ட்ரேயைப் பார்க்கவில்லை. தொட்டிக்குள்ளிருந்து பெரியம்மா வெளியே எடுத்த கைகளைப் பார்த்துப் பின்னால் நகர்ந்தாள்.

விடுதிக்காரம்மாவும் பார்த்தாள். ட்ரேயை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“என்னம்மா இது? ஏதாவது தொத்து வியாதியா?”

“வெந்நீர் பட்டிடுச்சும்மா.”

“வெந்நீர் பட்டா இப்படியா இருக்கும்? எல்லாரும் சாப்பிடற பாத்திரம் இது. எத்தனை நாளா இப்படி இருக்கு?”

பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் கணவனும் மனைவியும் வாசல்பக்கம் ஒதுங்கினார்கள். மாஸ்டர் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார். வியாதிக்காரி என்று ஒரு சமையலறை சொல்லிவிட்டால் இன்னொரு சமையலறை உள்ளே விடாது. என் தொண்டை எப்போதும் போல அடைத்தது. எப்படியோ திறந்தது.

“வியாதி இல்ல மேடம். மெஷின் தூள் அது. கடையில டிரம்ல எழுதியிருக்கு, கையால தொடக் கூடாதுன்னு. நம்ம டப்பாவுல எழுதல.”

நான் இத்தனை வார்த்தைகளைச் சேர்த்துப் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. விடுதிக்காரம்மா என்னைப் பார்க்கவே இல்லை. பெரியம்மாவையே பார்த்தாள்.

“மெஷின் தூளையா தொட்டியில போட்டீங்க? யாரு போடச் சொன்னா?”

“இலை போட்டிருந்துச்சும்மா” என்றாள் பெரியம்மா.

“எல்லாத்துலயும்தான் ஒட்டினேன்.”

விடுதிக்காரம்மா விருந்தாளிகளை முன்னால் போகச் சொன்னாள். பிறகு என்னருகே வந்து, என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை, புறங்கை, நகம். கடையில் காய் பொறுக்குவது போல.

“இனிமே இவ நிக்கட்டும் தொட்டியில” என்று மாஸ்டரிடம் சொன்னாள். “அந்தப் பழைய கையுறைப் பை ஸ்டோர்ல இருக்கு. ஒரு ஜோடி எடுத்துக் குடுங்க.”

மாஸ்டர் போய் எடுத்துக்கொண்டு வந்தார். நீல நிறம். மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது. அதை என் கையில் வைத்தார். நான் அதைப் பெரியம்மா பக்கம் நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. தொட்டியின் அடைப்பானை இழுத்துவிட்டு, தண்ணீர் முழுவதும் இறங்கும்வரை நின்றாள். புடவைமேல் கட்டியிருந்த வேலைத் துணியை அவிழ்க்கப் பார்த்தாள், விரல் மடங்கவில்லை. நான் பின்னால் போய் முடிச்சை அவிழ்த்தேன். துணி கீழே விழுந்தது. அதைத் தாண்டி நடந்து, பின்கதவை முழங்கையால் தள்ளித் திறந்து போய்விட்டாள்.