கால் எட்டாத வண்டி

எதையும் அளந்து பார்க்காமல் வாங்காத ஆள் என் அண்ணன். லிஃப்ட் மெக்கானிக் அல்லவா, ஒரு விரற்கடை பிசகினாலும் கதவு மூடாது என்று எப்போதும் அதே பேச்சு. அலமாரி வாங்கினாலும் அளப்பான், வாளி வாங்கினாலும் அளப்பான். அப்பேர்ப்பட்ட மகராசன்தான் போய் அந்தப் பெரிய வண்டியை வாங்கிக்கொண்டு வந்தான்.

அதற்கும் அளக்காமல் இல்லை. மாடிப்படிக்குக் கீழே நிற்குமா, திருப்பும்போது ஹேண்டில் சுவரில் இடிக்குமா என்று, அண்ணி வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, என் தையல் மிஷின் மேல் கிடந்த டேப்பைத்தான் எடுத்தான். மறுமுனையைப் பிடித்தவள் நான்.

"அண்ணிகிட்ட மூச்சு விட்டுடாதே. திடீர்னு கொண்டாந்து நிறுத்தி அசத்தணும்" என்றான்.

எனக்கும் ஒரே குஷி. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். இப்போது நினைத்தால் என்னையே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

அவன் ஆசைப்பட்டதில் தப்பு சொல்ல மாட்டேன். பழைய வண்டிக்கு நாங்கள் வைத்த பெயர் வெட்டுக்கிளி. ஒல்லி உடம்பு, தாழ்ந்த சீட். அண்ணனோ நெடுமரம். முழங்கால் இரண்டும் ஹேண்டிலில் இடிக்க இடிக்க அவன் போவதைப் பார்த்து, கூட வேலை செய்கிறவர்கள், "வண்டி உன்னைச் சுமக்குதா, நீ வண்டியைச் சுமக்குறியா?" என்று கேட்டே அவன் மானத்தை வாங்கினார்கள். எத்தனை வருஷம்தான் மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பான்?

ஆனால் அந்த வெட்டுக்கிளியில் முதலில் ஏறுவது அண்ணிதான். அண்ணிக்கு ஒரு லேபில் வேலை. விடிந்ததும் விடியாததுமாக ஐஸ் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு, வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவாள். முக்கால்வாசியும் வயசானவர்கள், வெறும் வயிற்றோடு வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நரம்பே கிடைக்காத கைகளிலும் ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். அவள் வந்தால்தான் கையை நீட்டுவேன் என்று அடம்பிடிக்கும் கிழவர்கள் உண்டு. எல்லாம் முடித்து அவள் வீடு திரும்பியதும் அதே வண்டியை அண்ணன் எடுத்துக்கொண்டு கிளம்புவான். அவன் உட்காரும்போது சீட் சூடாகவே இருக்கும்.

புது வண்டி வந்து நின்றதும் தெருவே வாயைப் பிளந்தது. நான் கை தட்டினேன். அண்ணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "யம்மாடி, எவ்வளவு பெரிசு!" என்று சிரித்தாள். டேங்கைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் தெருவை எட்டிப் பார்த்தாள்.

"நம்ம வண்டி எங்கேங்க?"

"அதைக் குடுத்துத்தானே இதை எடுத்தேன்! எக்ஸ்சேஞ்ச். தவணை எவ்வளவு குறைஞ்சுது தெரியுமா?"

அண்ணி தலையாட்டினாள். அவன் சொன்னதற்காக ஏறியும் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் கால் கட்டைவிரல்தான் தரையைத் தொட்டது. அப்போதுதான் நான் அந்தக் கால்களைக் கவனித்தேன். அண்ணிக்கு உடுப்பு தைப்பவள் நான். அவள் கால் நீளம் எனக்கு மனப்பாடம். டேப்பைப் பிடித்துக்கொண்டு சுவரை அளந்தேனே தவிர, இது என் மர மண்டையில் ஏறவில்லை.

"பழகிடும்மா. ஓட்ட ஓட்டச் சரியாயிடும்" என்றான் அண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குக் கூட்டிப்போய்க் கற்றுக்கொடுத்தான். அண்ணி ஜம்மென்று ஓட்டினாள், பொய் சொல்லக் கூடாது. வட்டம் வட்டமாக வந்தாள். "பாத்தியா, பாத்தியா!" என்று இவன் குதித்தான். நிறுத்தும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பின்னால் பிடித்துக்கொண்டவனும் இவனேதான். அண்ணியின் வேலையே வீட்டுக்கு வீடு நிறுத்துவதுதான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

அந்த வாரமே விழுந்தாள். சரிவான தெரு. ஒரு வீட்டு வாசலில் நிறுத்திக் காலை ஊன்றினால், தரை இல்லை. வண்டி அப்படியே சாய்ந்தது. முழங்கால் சிராய்த்துக்கொண்டது பரவாயில்லை, ஐஸ் பெட்டி திறந்து அதுவரை எடுத்த ரத்தமெல்லாம் நடுத்தெருவில். அத்தனை வீட்டுக்கும் திரும்ப நடந்தே போய், மன்னிப்புக் கேட்டு, மறுபடி ஊசி குத்தி எடுத்தாள். ரத்தம் கொடுத்தாயிற்றே என்று சாப்பிட்டுவிட்ட ஒரு பாட்டியம்மா, நாளைக்கும் பட்டினி கிடக்கணுமா என்று அழுதாராம். இதைச் சொல்லும்போதுதான் அண்ணி அழுதாள், முழங்காலுக்கு மருந்து போடும்போது அழவில்லை.

லேபில் சத்தம் போடவில்லை. ஓட்ட முடிகிற வண்டி இருந்தால் வீடுகளுக்குப் போகலாம், இல்லாவிட்டால் கவுண்டரில் உட்கார்ந்து ரசீது போடலாம் என்றார்கள். அண்ணன் சில நாள் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுபோனான். அவன் வேலைக்கே தாமதமாகி, லிஃப்டில் யாரோ மாட்டிக்கொண்டு, மேலதிகாரி காய்ச்சி எடுத்ததோடு அதுவும் நின்றது. ஷோரூமுக்கு ஓடினான். வெட்டுக்கிளி எப்போதோ கைமாறி, ஊர் தாண்டிப் போயாயிற்று. இன்னொரு சின்ன வண்டி வாங்கலாமென்றால் இந்தப் பெரிய வண்டியின் தவணையே கழுத்தைப் பிடிக்கிறது.

அண்ணி கவுண்டருக்குப் போனாள். பஸ்ஸில் போகிறாள், பஸ்ஸில் வருகிறாள். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்களாவது அவனை நல்லா நாலு வார்த்தை கேளுங்க அண்ணி" என்பேன். "விடும்மா, ஆசையா வாங்கினார்" என்பாள். அண்ணனோ வண்டியில் ஏறும்போதெல்லாம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஏறினான். ஆசையாக வாங்கியவன் அதை ஒரு நாளாவது சந்தோஷமாக ஓட்டி நான் பார்க்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் படிக்குக் கீழே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். அண்ணியின் போன் அடித்தது. யாரோ ஓர் அம்மாள், குரல் எனக்கே கேட்டது. வீட்டுக்காரருக்கு ரத்தம் எடுக்கணும், புதுசா வர்ற ஆள் கையைச் சல்லடையாக்கிட்டுப் போறான், நீ வரக் கூடாதா கண்ணு என்று கெஞ்சினார்.

"இப்ப நான் வீட்டுக்கு வர்றதில்லம்மா" என்றாள் அண்ணி.

"ஏன் கண்ணு?"

"என்கிட்ட வண்டி இல்லம்மா."

அண்ணன் கையில் துணியோடு நிமிர்ந்தான். அவள் போனை வைக்கும்வரை பொறுத்திருந்தான்.

"ஏன் வண்டி இல்லைங்கறே? அப்ப இது யாரு வண்டி?"

"உங்க வண்டி" என்றாள் அண்ணி. குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"திட்டிடேன். எத்தனை நாளைக்கு இப்படியே இருப்பே? வாய்விட்டுத் திட்டிடு" என்றான் அண்ணன்.

"திட்ட என்ன இருக்கு? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, வாங்குங்கன்னுதான் சொல்லியிருப்பேன். எத்தனை நாளைக்குத்தான் காலை மடக்கிட்டுப் போவீங்கன்னு நானும் பாத்துட்டுத்தானே இருந்தேன்." போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். "தவணை கூட வந்தாலும் பரவாயில்ல, பழசை மட்டும் குடுத்துடாதீங்க, அது நான் ஓட்டுறதுன்னு சொல்லியிருப்பேன். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு, காயப்போட்ட துணிகளை எடுக்கக் கொல்லைப்பக்கம் போனாள். அண்ணன் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான்.