பாய் விசாரித்திருப்பார்

ஒரு மனிதனை நம்புவதற்கு முன்னால் அவனை வேர்வரை விசாரித்தாக வேண்டும். அரசுகள் நிலைத்ததும் கவிழ்ந்ததும், வம்சங்கள் தழைத்ததும் அற்றுப்போனதும் இந்த ஒரு காரியத்தால்தான். திண்டுக்கல் பேகம்பூரில் இந்த மகத்தான பொறுப்பைப் பல வருஷங்களாகச் சுமந்துவந்தவர் தோல் மண்டி முகமது பாரூக். சுமந்த இடம், பெரும்பாலும், மாப்பிள்ளை வீட்டுக்கு எதிரே இருக்கும் சலூன்.

தெருவில் யார் வீட்டுப் பெண்ணுக்கு வரன் வந்தாலும் பாரூக்கிடம் சொல்லிவிடுவார்கள். அவர் மாப்பிள்ளையின் ஊருக்கு பஸ் ஏறுவார். தன் பெயரை யாரிடமும் சொல்ல மாட்டார். சலூன் நாற்காலியில் சாய்ந்து, தாடியை லேசாக ஒதுக்கச் சொல்லிவிட்டு, கண்ணாடியைப் பார்த்தபடியே, "எதுத்தாப்புல மாடி வீடு யாருதுப்பா?" என்று தொடங்குவார். கத்தரி ஓய்வதற்குள் பையனின் சம்பளம், சிகரெட், சித்தப்பா ராத்திரியோடு ராத்திரியாகக் கோயம்புத்தூருக்குப் போன காரணம் எல்லாம் வந்து சேரும். ஒரே வாரத்தில் மூன்று வரன் வந்துவிட்டால் ஒதுக்குவதற்குத் தாடி மிஞ்சாது.

குறை இருந்தால் மட்டும் வந்து சொல்வார். இல்லையென்றால் பேசாமல் இருந்துவிடுவார். அந்த மௌனத்துக்கு பேகம்பூரில் சர்டிபிகேட்டின் மதிப்பு இருந்தது.

இப்படிப்பட்டவர், தன் மகள் பர்ஹானாவின் கல்யாணத்துக்காகச் சாணார்பட்டி மனையை விற்று வந்த பணம் முழுவதையும், பெயர் தெரியாத ஒருவரிடம் கொடுத்திருந்தார்.

ஒருவரா, பலரா என்பதும் தெரியாது. 'பில்வோரா' என்பது கிரிப்டோ காசுகளை வாங்கி விற்கும் ஓர் எக்ஸ்சேஞ்ச். அது செல்போனுக்குள் மட்டும் இருந்தது. படியேறிப் போய்க் கேட்க ஓர் ஆபீஸ் இல்லை, வாசலில் போர்டு இல்லை. அதை நடத்துகிறவர் டெலிகிராம் குழுவில் 'அட்மின்' என்ற பெயரில் பேசினார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் கூலிங்கிளாஸ் போட்ட ஒரு சிங்கம் இருந்தது. பெயர் இல்லாவிட்டாலும் மரியாதை குறையக் கூடாதென்று எல்லாரும் அவரை 'அட்மின் சார்' என்றார்கள். ரமலானுக்கு அவர் பிறை போட்டார். தைப்பூசத்துக்கு வேல் போட்டார். பிறையை வைத்து, அவர் கீழக்கரைப் பக்கத்து மரைக்காயர் என்று மண்டியில் முடிவாகிவிட்டது. தோல் கெடாமலிருக்க மண்டிக்கு உப்பு கொண்டுவரும் சோலைமுத்துவோ, அவர் வருஷம் தவறாமல் பழனிக்குக் காவடி எடுப்பவர் என்று அடித்துச் சொன்னார்.

"பழனில எங்க சகலை சடையாண்டி லாட்ஜ் வச்சிருக்காரு பாய். அட்மின் சாருக்குத் தங்கல் அங்கதான்," என்றார்.

பாரூக் அதற்குமேல் கேட்கவில்லை. ஒரு ஆட்டுத் தோலை வாங்குவதென்றால் இரண்டு பக்கமும் புரட்டிக் கத்திக் கீறலைத் தடவிப் பார்த்த பிறகே விலை சொல்பவர், சோலைமுத்து செல்போனில் காட்டிய லாபத்தை ஒரு பக்கம் மட்டும் பார்த்தார். அது போதுமானதாக இருந்தது.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கொஞ்சம் எடுத்துப் பார்த்தார், வந்தது. அந்தச் சந்தோஷத்தில் மிச்சத்தையும் போட்டார். அதன் பிறகு எடுக்கப்போனால் 'பரிசீலனையில்' என்று வந்தது. எடுக்க முடியாத பணம் மட்டும் நாளுக்கு நாள் வளர்ந்தது. கேட்டால், "சிஸ்டம் அப்கிரேட் நடக்கிறது, நம்பிக்கை வையுங்கள் குடும்பமே," என்று அட்மின் சார் எழுதினார். அப்புறம் பாரூக் யார் என்பதை உறுதிசெய்ய வேண்டும் என்றார். ஆதார் போயிற்று. பான் போயிற்று. வீட்டு வரி ரசீது போயிற்று. தலையை இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்பி, கண்ணை மூடித் திறந்து ஒரு வீடியோ எடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. செல்போனைப் பர்ஹானாதான் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் திரும்புங்க அத்தா. கழுத்து வலிக்குதா?"

"இல்லம்மா."

பாரூக்கை அவருடைய வாழ்நாளில் யாரும் இவ்வளவு முழுமையாக விசாரித்ததில்லை. விசாரித்தவர் பதில் சொல்லவில்லை.

இதற்கிடையில் பர்ஹானாவுக்கு வரன் வந்து நின்றது. பையன் பெயர் நியாஸ். செம்பட்டியில் தகப்பனார் முகமது ரஃபீக்கோடு சேர்ந்து பேக்கரி நடத்துகிறான். பர்ஹானாவுக்குப் பிடித்திருந்தது. சைதூனுக்கு, அதாவது பாரூக்கின் மனைவிக்கு, அதைவிடப் பிடித்திருந்தது. பாரூக்கின் மடியில் காசு இல்லை. அதைச் சொல்லவும் வாய் இல்லை. எனவே அவர் விசாரித்துக்கொண்டே இருந்தார்.

"ஏங்க, அந்தப் பையனப் பத்தி இன்னும் என்னத்தத்தான் விசாரிப்பீக?" என்றாள் சைதூன். "செம்பட்டி சலூன்ல நீங்க வந்து எறங்குனாலே துண்ட உதறிப் போடுறாகளாம்."

"அவன் பெரியத்தா, ரஃபீக்கோட அண்ணன், ரெண்டு நிக்காஹ் முடிச்சவரு."

"பெரியத்தாவையா நம்ம புள்ள கட்டப்போவுது?"

"அவுக பேக்கரில பன்னு சின்னதாயிருச்சுன்னு பேசிக்கிறாக."

"மாவு வெல ஏறிப்போச்சு, பன்னு எறங்கிப்போச்சு. இது ஒரு குத்தமா? அம்புட்டுப் பேரு வீட்டுக்கும் ஒரு வாரத்துல விசாரிச்சு முடிக்கிற மனுசன், சொந்தப் புள்ளைக்கு ஆறு மாசமா முழிக்கிறாரு. தெருவுல கேக்குறாக, வெக்கமா இருக்கு."

பர்ஹானா சட்டியில் வெஞ்சனத்தைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அவள் ஒன்றும் சொல்லாததுதான் பாரூக்கை உட்காரவிடாமல் செய்தது. மறுநாள் காலையில், செம்பட்டிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பழனி பஸ்ஸில் ஏறினார். பூச நேரத்தில் அட்மின் சார் தங்கும் லாட்ஜில் ஒரு விலாசமாவது கிடைக்காமல் போகாது. விலாசம் கிடைத்தால் பணம் கிடைக்கும். பணம் கிடைத்தால் மகளின் முகத்தைப் பார்க்கலாம்.

பழனியில் வழக்கம்போல லாட்ஜுக்கு எதிரே இருந்த சலூனில் நுழைந்தார். அவர் உட்காருமுன்பே கடைக்காரர் தலையில் தண்ணீரைத் தெளித்து, "மொட்டைதானுங்க?" என்றார். அடிவாரத்தில் வேறெதற்காகவும் யாரும் அவர் கடைக்குள் வருவதில்லை. பாரூக் பதறி எழுந்து, ஈரத் தலையோடு நேரே லாட்ஜுக்குள் போய்விட்டார். விசாரிப்பில் அவர் முறை தவறியது அன்றைக்குத்தான்.

சடையாண்டி கல்லாவில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். வந்தவர் தலை நனைந்திருப்பதைப் பார்த்ததும் துண்டு ஒன்றைக் கொடுத்து, டீயும் சொன்னார்.

"ரூமுங்களா?"

"இல்லீங்க. பில்வோரா அட்மின் சார் இங்கதான் தங்குவாருன்னு சொன்னாக. அவரப் பாக்கணும்."

"நானும் பாக்கோணும்னுதானுங்க இருக்கேன்," என்றார் சடையாண்டி. "அவரு தங்குவாருன்னு சோலைமுத்து சொன்னாருங்க. பூசத்துக்கு அவருக்குன்னே கார்னர் ரூமைப் பூட்டி வெச்சிருந்தேன். அத்தனை கூட்டத்துலயும் யாருக்கும் குடுக்கலீங்க. புது பெட்ஷீட்டு வேற. வரலீங்க. வேலை ஜாஸ்தியா இருக்குமுங்க."

"அப்ப நீங்களும் ஆளப் பாத்ததில்லையா?"

"இல்லீங்களே."

"பேரு, ஊரு?"

"அதெல்லாம் தெரியாதுங்க."

"பின்ன எப்படிங்க பணத்தப் போட்டீங்க?"

சடையாண்டி சிரித்தார். விவரம் தெரியாதவரிடம் பொறுமையாகப் பேசும் சிரிப்பு.

"ஏனுங்க, நாம எதுக்குங்க போய் விசாரிக்கோணும்? திண்டுக்கல்லுல பாரூக் பாய்னு ஒருத்தரு இருக்காருங்க. மாப்பிள்ளை விசாரிக்கிறதுல அவர மிஞ்ச ஆளில்லையாமா. அவரு ஒருநாளு சோலைமுத்துகிட்ட, 'பில்வோரான்னு ஒண்ணு சொல்றாகளே, என்ன ஏது'ன்னு கேட்டாராமுங்க. கேட்டவரு அப்பறம் ஒண்ணுமே சொல்லலையாமா. அவரு ஒண்ணும் சொல்லலீன்னா குறை ஒண்ணுமில்லீன்னு அர்த்தமாமுங்க. சோலைமுத்து உடனே போட்டாரு. நானும் போட்டேன். கடைசியில அந்தப் பாயே மகள் கல்யாணப் பணத்தைப் போட்டுட்டாராமா. அப்பறம் என்னங்க வேணும்?"

பாரூக் டீயை சாஸரில் ஊற்றினார். அந்தக் கேள்வியை அவர் கேட்டது உண்மைதான். தோல் கட்டு எண்ணும்போது சும்மா கேட்டு வைத்தார். பதிலைக் கேட்பதற்குள் லாரி வந்துவிட்டது. மறந்துவிட்டார். அந்த மறதியை நம்பிச் சோலைமுத்து பணம் போட்டிருந்தார். சோலைமுத்துவை நம்பித்தான் பாரூக்கே போட்டிருந்தார்.

"இந்த வாரம் லாட்ஜு பத்திரத்தை வெச்சு இன்னும் கொஞ்சம் போடலாம்னு இருக்கேனுங்க," என்றார் சடையாண்டி.

பாரூக் அந்த டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறியிருக்கலாம். பெயரைச் சொன்னால் விஷயம் சாயங்காலத்துக்குள் மண்டிக்கு வந்துவிடும், மறுநாள் செம்பட்டிக்குப் போய்விடும். காசில்லாத மனிதன்தான் இத்தனை நாளாக எங்கள் பன்னை அளந்துகொண்டிருந்தானா என்று ரஃபீக் கேட்பார். பர்ஹானாவின் கல்யாணம் அத்தோடு போய்விடும்.

"போடாதீங்க," என்றார் பாரூக்.

"ஏனுங்க?"

"அந்த ஆள யாரும் விசாரிக்கல."

"பாரூக் பாய் விசாரிச்சிருக்காருன்னு சொல்றனுங்களே. அவரை விட உங்களுக்குத் தெரியுமுங்களா? நீங்க யாருங்க?"

பாரூக் சாஸரைக் கீழே வைத்தார். ஊர் ஊராகப் போய் ஒரு சலூனிலும் சொல்லாத பெயர்.

"நான்தான் அந்தப் பாரூக்."

சடையாண்டிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நல்லா இருக்குதுங்க. நான்தான் அட்மின் சாருன்னு நானுஞ் சொல்லுவேன். நம்பீருவீங்களா?"

நியாயமான கேள்வி. பாரூக் ஆதாரை எடுத்து நீட்டினார். படத்தில் தாடி நெஞ்சுவரை இருந்தது, நேரில் இல்லை. சடையாண்டி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சோலைமுத்துவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"சகல, இங்க ஒருத்தரு வந்திருக்காரு. நாந்தான் பாரூக் பாய்ங்கறாரு. ஒல்லியா, நெத்தில ஒரு தழும்போட. டீய சாஸர்ல ஊத்திக் குடிக்கிறாரு."

"அட, பாயேதான்! அவரு அங்கிட்டு எதுக்கு வந்தாரு? எந்த மாப்பிள்ளைக்கு?"

"மாப்பிள்ளைக்கு இல்லீங்க. அட்மின் சாரை அவரு விசாரிக்கவே இல்லையாமா."

போனில் உப்பு மூட்டை இறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"பாய்," என்றார் சோலைமுத்து. "விசாரிக்கலையா?"

"இல்ல சோலை. நீ போட்டேன்னு நான் போட்டேன்."

"நீங்க விசாரிச்சிருப்பீகன்னுல்ல பாய் நான் போட்டேன். எந் தங்கச்சி நகைய வாங்கிப் போட்டேன் பாய்."

சடையாண்டி போனை அணைத்தார். லாட்ஜுப் பத்திரம் மேஜை இழுப்பறையில்தான் இருந்தது போலும். அதைத் திறந்து பார்த்தார், மூடினார், சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். டீக்குப் பாரூக் காசு எடுத்தபோது வேண்டாமென்று கையைப் பிடித்துக்கொண்டார்.

பஸ் திண்டுக்கல் வந்து சேர்வதற்குள் மண்டியில் பாயை நம்பிப் போட்டிருந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு செல்போனைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் 'பரிசீலனையில்' என்றே வந்தது. இரண்டு நாளில் சிங்கத்தின் படமும் போய், அந்த இடம் வெறும் சாம்பல் வட்டமாக இருந்தது. யாரும் பாரூக்கைத் திட்டவில்லை. அவர் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். சோலைமுத்து உப்பை அனுப்பினார், கூட வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து நியாஸின் தகப்பனார் ரஃபீக், பாரூக்கின் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி பிஸ்கட். சைதூன் உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றாள். பாரூக் எழுந்து நின்றவர் உட்காரவே இல்லை.

"உக்காருங்க பாய்," என்றார் ரஃபீக், தன் வீடு போல. "விசாரிப்பெல்லாம் முடிஞ்சதா?"

"பையன்கிட்ட ஒரு குறையும் இல்ல. எங்கிட்டத்தான்..." பாரூக் பிஸ்கட் பெட்டியைப் பார்த்தபடி முடித்தார். "பணம் போயிருச்சு பாய். சொல்லாம இழுத்துட்டேன்."

"அது தெரியுமே."

"இப்ப ஊருக்கே தெரியும்."

"இப்பவா? எங்களுக்கு முன்னயே தெரியும். நீங்க மட்டுந்தான் விசாரிப்பீகளா? நாங்களும் விசாரிச்சோம்."

"யார்ட்ட?"

"உங்க புள்ளைட்டதான். 'அத்தா பணத்த விட்டுட்டாக, சொல்ல வெக்கப்படுறாக, அவுகளாச் சொல்ற வரைக்கும் செத்த பொறுங்க'ன்னு நியாஸ்கிட்டச் சொல்லிருச்சு. அதான் நீங்க வர்றப்பல்லாம் சலூன்காரருட்ட, பாய் எது கேட்டாலும் ஒண்ணொண்ணாச் சொல்லு, சீக்கிரம் முடிச்சிராதேன்னு சொல்லி வச்சேன். அந்தப் பன்னு கதை நான் சொல்லிக் குடுத்ததுதான்."

கதவுக்குப் பின்னால் சைதூன் சிரித்தது கேட்டது, பிறகு மூக்கை உறிஞ்சியது கேட்டது. பர்ஹானா டீ கொண்டுவந்து வைத்தாள். பாரூக் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள், "சர்க்கரை போதுமாத்தா?" என்று கேட்டாள்.

நிக்காஹ் அந்த மாசமே பேகம்பூரில் வீட்டோடு நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் எதுவும் கேட்கவில்லை, விருந்துச் செலவையும் தாங்களே ஏற்றுக்கொண்டார்கள். சோலைமுத்து வந்து வாசலில் நின்று வாழ்த்திவிட்டு, சாப்பிடாமல் போனார். பெண்ணைப் பெற்றவர் கடைசிப் பந்தியில் உட்காருவதுதான் முறை. விருந்து அவருடையதும் இல்லை, மறைக்க ஒன்றும் மிச்சமில்லை; பாரூக் முதல் பந்தியில் உட்கார்ந்து, கறி இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னார்.