அந்தோணியாருக்குப் போட்ட வெள்ளிக்கால்

என் வீட்டுக்காரர் லூர்துநாதனுக்கு வலது கணுக்கால் பிசகுவதே பிழைப்பாகிவிட்டது. திராட்சைத் தோட்டத்தில் கூடை தூக்கும்போது ஒரு தடவை வரப்பில் மடங்கியது. அதன்பிறகு சின்னக் கல் போதும், பாதம் உள்பக்கமாகப் புரண்டு மனுசன் குந்திவிடுவார். பற்றுப் போட்டுப் போட்டு எனக்கு அலுத்துப்போயிற்று.

கூடை தூக்க முடியாதது அவருக்குப் பெரிய கவலை இல்லை. அந்தோணியார் திருவிழாவில் புனிதர் சொரூபத்தைச் சுமந்துபோகும் சப்பரத்தின் முன்கொம்பு பிடிக்க வேண்டும், அதுதான் கவலை. அவர் அப்பா பிடித்த கொம்பு அது. இவருக்குப் பின்னால் அதே கொம்பில் இவர் தம்பி பீட்டர்ராஜ் தோள் கொடுப்பான். போன வருசம் வேறு ஆள் பிடித்தபோது இவர் சோற்றையே தொடவில்லை.

நான்தான் மதுரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே பயிற்சி சொல்லிக்கொடுக்கும் அம்மா காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எலும்பு நல்லா இருக்கு. மூட்டைப் பிடிச்சிருக்கிற நார்தான் தளர்ந்துபோச்சு. காலைப் பழக்கணும். வலி போனாலும் விட்டுறாதீங்க."

சைக்கிள் டியூபைக் கட்டிலில் கட்டி, பாதத்தால் வெளிப்பக்கம் தள்ள வேண்டும். ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். அது பழகியதும், அடியில் அரைப்பந்து மாதிரி கட்டை வைத்த பலகைமேல் ஏறி, கீழே பார்க்காமல் நிற்க வேண்டும். ஆசாரியிடம் சொல்லி அந்தப் பலகையைச் செய்து வாங்கினேன். தெருவே சிரித்தது.

"என்ன மதினி, அண்ணே கொக்கு வேசம் கட்டுறாகளா?" என்பான் பீட்டர்ராஜ். கேலி பண்ணினாலும், விழாமல் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் அவன்தான்.

தவக்காலம் முடிவதற்குள் கால் தேறிவிட்டது. கூடையோடு வரப்பில் நடந்து வந்தவரைப் பார்த்து நான் அழுதேவிட்டேன். மறுவாரம் உத்தமபாளையம் போய் வெள்ளியில் ஒரு கால் வாங்கிவந்து கோயில் உண்டியலில் போட்டார். வீட்டுக்கு வந்ததும் பலகையைத் தூக்கிப் பரணில் எறிந்தார்.

"ஏங்க, அந்தம்மா விடக்கூடாதுன்னு சொன்னாகல்ல?"

"அந்தோணியாரு சொகம் குடுத்துட்டாருன்னு காணிக்கை போட்டாச்சுடி இன்னாசி. இனியும் அதுமேல ஏறி ஆடுனா, நீரு குடுத்தது பத்தலைன்னு அவரு மூஞ்சிக்கு நேராச் சொன்ன மாதிரி ஆகாதா?"

எங்கள் ஊரில் அப்படித்தான். காணிக்கை போட்டுவிட்டால் மருந்தைத் தொடக் கூடாது, தொட்டால் விசுவாசம் இல்லாதவன். நல்ல வழக்கம், போங்கள்!

"அந்தோணியாரா ஒங்களப் பலகையில ஏத்திவிட்டாரு? நாந்தேன் ஏத்திவிட்டேன்!" என்று கத்தினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

திருவிழா அன்று சாயங்காலம் மேளத்தோடு சப்பரம் கிளம்பியது. முன்கொம்பில் அவர், பின்னால் பீட்டர்ராஜ். என்னைப் பார்த்து, "பாத்தியாடி?" என்பதுபோல் சிரித்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

குழாயடித் திருப்பத்தில் தரை நனைந்து கிடந்தது. வலது பாதம் உள்பக்கமாகப் புரண்டது. அவர் முட்டி போட்டு விழ, கொம்பு தோளை விட்டுப் போயிற்று. சப்பரம் சாய்ந்தது. இவர் உருண்டு தப்பினார். பீட்டர்ராஜ் மட்டும் சொரூபம் விழுந்துவிடக் கூடாதென்று கொம்பை விடாமல் நின்றான். அடிச்சட்டம் அவன் முழங்காலுக்குக் கீழே நசுக்கிக்கொண்டு இறங்கியது.

"சொரூபத்துல ஒரு கீறல் இல்ல, அந்தோணியாரு செஞ்ச புதுமை, புதுமை!" என்றது கூட்டம். பாவிகள்! அங்கேயே ஒவ்வொருத்தரையும் அறைய வேண்டும்போல் இருந்தது.

புண் அழுகி, மதுரையில் பீட்டர்ராஜின் காலை எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு என் வீட்டுக்காரர் யாரிடமும் பேசவில்லை. கோயிலுக்கும் போகவில்லை. கட்டையை அக்குளில் வைத்து நடக்க, முதலில் ஒற்றைக்காலில் நிற்கப் பழக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தம்பியோ கட்டிலை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

ஒருநாள் காலையில் இவர் எழுந்து போய் அவன் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கினார்.

"கீழ பாக்காதலே. எதிர்ச் செவத்துல ஒரு எடத்தப் பாரு."

பீட்டர்ராஜ் நடுங்கிக்கொண்டே நின்றான். சுவரைப் பார்க்கவில்லை, அண்ணனின் வலது பாதத்தையே பார்த்தான்.

"அண்ணே, ஒங்க காலு நல்லா ஊனியிருக்கா?"

அவர் வலது பாதத்தைக் கொஞ்சம் அகட்டி வைத்தார். நான் போய் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.